பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? கடலோர ஊரில் வரிசை தவறாமல் பழுது தேடும் வழிகாட்டி

இந்த வழிகாட்டி பெற்றோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் உள்ள பழைய பெற்றோல் கார்களுக்கானது. மொரிஸ் மைனர், ஒஸ்டின், டட்சன், நிசான் சனி, பழைய கொரொல்லா, லான்சர் போன்றவை இதில் அடங்கும். டீசல் வான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு பகுதி பிற்பாதியில் இருக்கிறது. கணினி கட்டுப்படுத்தும் புதிய வாகனங்களுக்கு இது பொருந்தாது.

திருகோணமலையில் கார் வைத்திருப்பவர் ஒன்றை முதலில் மனதில் இருத்த வேண்டும். நகரின் ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். உப்புக் காற்று படாத வயர் முனை இங்கே கிடையாது. ஆகவே பற்றரி செத்துவிட்டது என்று முடிவு கட்டப்படும் கார்களில் பெரும்பாலானவற்றில் பற்றரி நன்றாகவே இருக்கும். பற்றரிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ஏதோவொரு இணைப்புத்தான் அரித்துப் போயிருக்கும். புதியவர்கள் நேராகக் கடைக்குப் போய்ப் பற்றரி வாங்கிவிடுகிறார்கள். அதைப் பூட்டும்போது முனைகள் கொஞ்சம் துடைபடுவதால் சில நாள் கார் ஓடும். பிறகு பழைய கதைதான். இந்தச் செலவைத் தவிர்ப்பதற்காகவே கீழேயுள்ள வரிசையை எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். மலிவானதே போதும். அதைப் பயன்படுத்தத் தயக்கமாக இருந்தால் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களை ஈயப்பற்று வைத்து, முனைகளில் கிளிப் பூட்டிக்கொள்ளுங்கள். பழைய கார்களில் பாதிப் பரிசோதனைகளை அந்த ஒற்றைப் பல்பே செய்துவிடும்.

10, 12, 13 மில்லிமீட்டர் ஸ்பானர்கள் ஜப்பானிய கார்களுக்குப் போதும். மொரிஸ், ஒஸ்டின் கார்களின் நட்டுகள் அங்குல அளவிலானவை. மில்லிமீட்டர் ஸ்பானரை அவற்றில் போட்டால் முனை மழுங்கிவிடும், பிறகு எந்த ஸ்பானரும் பிடிக்காது.

இவற்றோடு ஒரு கம்பி பிரஷ், நுண்ணிய சாண்ட் பேப்பர், ரப்பர் பிடியுள்ள குறடு, டோர்ச் லைட், உலர்ந்த பருத்தித் துணி, இன்சுலேஷன் டேப், நல்ல நிலையிலுள்ள பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று, ஒளி புகும் பிளாஸ்டிக் போத்தல், தடித்த ஜம்பர் வயர் ஒரு சோடி ஆகியவை வேண்டும். ஜம்பர் வயர் வாங்கும்போது மேலுறையின் தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் செம்பு எவ்வளவு என்று கிளிப்பின் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள்.

தீயணைப்புக் கருவி இல்லையென்றால் ஒரு வாளி உலர்ந்த மணலாவது அருகில் இருக்கட்டும். பெற்றோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ பரவும்.

2. நிற்கும் இடத்தைப் பாருங்கள்

வீட்டு முற்றத்தில் நின்றால் கவலை இல்லை. நடு வீதியில் நின்றுவிட்டால் பொனட்டைத் திறப்பதற்கு முன்பு காரை ஓரத்துக்குத் தள்ளுங்கள். கைபிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். கியரில் கிடக்கும் காரின் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் கார் பாயும். முன்னால் குனிந்து நிற்பவர் மாட்டிக்கொள்வார்.

ஹபரணையிலிருந்து கந்தளாய் நோக்கி வரும் வழியில் பொழுது சாய்ந்தபின் கார் நின்றுவிட்டால் இறங்கிப் பழுது பார்க்க வேண்டாம். அந்தப் பாதையைக் காட்டு யானைகள் கடக்கும். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு உள்ளேயே இருந்து உதவிக்கு அழையுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

3. திறப்பைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள்

இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். "கார் ஸ்டார்ட் ஆகவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. எது என்று பிரிக்காமல் பொனட்டுக்குள் கை வைக்காதீர்கள்.

திறப்பைத் திருப்பும்போது ஒரு சத்தமும் இல்லையா, அல்லது ஒற்றை 'டக்' மட்டுமா? மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை போகவில்லை, அல்லது போயும் அது சுழலவில்லை. 4, 5, 6 ஆம் பகுதிகளைப் பாருங்கள்.

'டக டக டக' என்று விடாமல் அடிக்கிறதா, அல்லது எஞ்சின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுழலுகிறதா? பற்றரியில் பலமில்லை, அல்லது இணைப்பு மோசம். 4, 5.

எஞ்சின் வழமையான வேகத்தில் சுழலுகிறது, ஆனால் பற்றவில்லையா? பற்றரியை மறந்துவிடுங்கள். ஸ்பார்க் அல்லது பெற்றோல் இல்லை. 8, 9.

பற்றி, ஓரிரு நொடி ஓடி, திறப்பை விட்டதும் நின்றுவிடுகிறதா? இதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். சில ஜப்பானிய கார்களில் ஸ்டார்ட் செய்யும் வேளையில் கொயிலுக்கு (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் சுருள்) ஒரு வழியாகவும், ஓடும்போது பலாஸ்ட் என்னும் தடையின் வழியாகவும் மின்சாரம் வரும். அந்தத் தடை அறுந்தால் இந்த அறிகுறி அப்படியே தெரியும்.

இன்னொரு கட்டுப்பாடு: ஸ்டார்ட்டரை ஒரே தடவையில் 10 நொடிக்கு மேல் சுழற்ற வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஒரு நிமிடமாவது விடுங்கள். பற்றரியும் மூச்சு வாங்க வேண்டும், ஸ்டார்ட்டரும் ஆற வேண்டும். விடாமல் சுழற்றுகிறவர் ஒரு பழுதோடு தொடங்கி மூன்றோடு முடிப்பார்.

4. பற்றரி: முதலில் முனைகள், பிறகுதான் பற்றரி

முன்விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். விளக்கு முற்றாக மங்கினால் பற்றரியில் பலம் இல்லை அல்லது முனைகளில் தடை இருக்கிறது. விளக்கு சற்றும் மங்காமல் எரிந்தால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். பற்றரியைக் குறை சொல்ல இடமில்லை. கருவி எதுவும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனையைவிடப் பயனுள்ளது வேறில்லை.

மல்டிமீட்டர் இருந்தால், கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற நிலையில் பற்றரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 இற்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள், மற்றச் சோதனைகள் பிறகு. அடுத்து, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரி தளர்ந்துவிட்டது.

மீட்டரின் முனையைப் பற்றரியின் ஈயத் தண்டில் வைக்க வேண்டும், அதைக் கவ்வியிருக்கும் கிளிப்பில் அல்ல. பலர் கிளிப்பில் வைத்துவிட்டுக் குழம்புகிறார்கள். தண்டுக்கும் கிளிப்புக்கும் இடையே படிந்த மெல்லிய சாம்பல் நிறப் படலமே பழுதாக இருக்கக்கூடும். அது வெளியே தெரியாது. கிளிப் இறுக்கமாக இருக்கும், துடைத்ததுபோல் பளபளக்கும், ஆனாலும் உள்ளே தொடர்பு இருக்காது.

கழற்றிச் சுத்தம் செய்யும் ஒழுங்கு இது. எர்த் பக்கத்துக் கிளிப்பை, அதாவது காரின் இரும்பு உடலான பொடிக்குப் போகும் வயரின் கிளிப்பை, முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பானர் பொடியில் முட்டினால் பெரும் பொறி பறக்கும். பல மொரிஸ், ஒஸ்டின் கார்களில் நேர்முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜப்பானிய காரில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். எந்த வயர் பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துத் தீர்மானியுங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் தூளின்மேல் வெந்நீரில் கரைத்த அப்பச்சோடாவை ஊற்றினால் நுரைத்துக் கரையும். பற்றரியின் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், அந்த நீர் உள்ளே போனால் அமிலம் கெட்டுவிடும். நன்கு அலசி உலர்த்தி, தண்டையும் கிளிப்பின் உட்புறத்தையும் ஈயம் மின்னும்வரை தேய்த்துப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு மேலே வசலின் பூசுங்கள். பூசிவிட்டுப் பூட்டக் கூடாது. இந்த ஊரில் இதை ஆண்டுக்கு ஒரு தடவை செய்வது போதாது. மாரி தொடங்குமுன் ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது.

பற்றரியின் அருகே சிகரெட், தீக்குச்சி, திறந்த சுவாலை எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன் வெடிக்கும்.

5. எர்த் வயர்: எவரும் பார்க்காத இடம்

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் பொடியையும் இணைக்க ஒரு தனி வயர் அல்லது பின்னல் பட்டை இருக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட அம்பியர் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பி வருவது பல கார்களில் இந்தப் பட்டை வழியாகத்தான்.

அது எஞ்சினுக்குக் கீழே, மழைச் சேறு தெறிக்கும் இடத்தில் இருக்கும். நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் ஓடும் கார் ஒன்றின் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேலே பார்க்க முழுமையாகத்தான் இருக்கும். விரலால் மடக்கினால் பின்னலின் நடுவிலிருந்து பச்சைத் தூள் உதிரும், இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். பொடியில் பூட்டப்பட்டிருக்கும் முனையைத் திருப்பினால் அதன் அடியில் பெயின்ட்டும் துருவும் கலந்த பழுப்பு வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் வழியாகத்தான் இவ்வளவு காலமும் மின்சாரம் போராடிப் போயிருக்கிறது.

கழற்றாமலே அளக்கவும் வழி இருக்கிறது. கொயிலுக்கு வரும் சிறிய வயரைக் கழற்றி முனையை டேப்பால் சுற்றுங்கள், எஞ்சின் பற்றாமலிருக்க. மீட்டரின் ஒரு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும், மறுமுனையைப் பற்றரியின் எர்த் தண்டிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட் காட்டினால் சரி. 0.5 ஐத் தாண்டினால் அந்த வழியில் தடை இருக்கிறது. மீட்டரின் எஞ்சின் முனையைப் பொடிக்கு மாற்றி மறுபடி அளந்தால், தடை பற்றரிக்கும் பொடிக்கும் நடுவிலா, பொடிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலா என்று தெரிந்துவிடும். ஸ்டார்ட்டருக்குப் போகும் மற்றப் பெரிய வயரையும் இதே முறையில் இரு முனையிலும் வைத்து அளக்கலாம்.

வீதியோரத்தில் நிற்கும்போது இதற்கொரு குறுக்குவழி உண்டு. ஜம்பர் வயர் ஒன்றின் ஒரு கிளிப்பை எர்த் தண்டிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் நேரடியாகக் கவ்வவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கார் உயிர்பெற்றால் பழுது கிடைத்துவிட்டது. புதிய பட்டையின் விலை பற்றரி விலைக்குக் கிட்டவும் வராது. பூட்டும்போது பொடியின் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியச் செய்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

6. ஸ்டார்ட்டர்

முனைகள் சுத்தம், பற்றரி நிறைவு, எர்த் சரி. இருந்தும் ஒற்றை 'டக்' மட்டும் வருகிறது என்றால் ஸ்டார்ட்டர் மீது சந்தேகம் திரும்புகிறது. ஒருவர் திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்டார்ட்டரின் உடலை மரக்கட்டையால் இலேசாகத் தட்டலாம். தேய்ந்த கார்பன் பிரஷ் இடம் மாறித் தொடர்பு கிடைத்தால் சுழலும். இது வீடு போய்ச் சேர்வதற்கான உபாயம் மட்டுமே. அடுத்த வேலை ஸ்டார்ட்டரைக் கழற்றி பிரஷ் மாற்றுவது.

'டக்' கூட இல்லையென்றால் ஸ்டார்ட்டரின் மின்சார சுவிட்சான சொலினொயிட்டுக்கு வரும் மெல்லிய வயரில் பல்பின் ஒரு முனையையும், எஞ்சின் இரும்பில் மறுமுனையையும் கவ்வவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள். பல்பு எரியாவிட்டால் திறப்பு சுவிட்ச், பியூஸ், அல்லது இடையிலுள்ள வயர். ஓட்டோமெற்றிக் காரானால் கியரை P இலிருந்து N இற்கு மாற்றி முயன்று பாருங்கள். கியர் நிலையை உணரும் சுவிட்ச் தேய்ந்தால் P இல் ஸ்டார்ட்டர் அசையாது, N இல் அசையும்.

ஸ்பானரை வைத்து ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளையும் குறுக்காகத் தொட்டு ஸ்டார்ட் செய்வதைச் சிலர் திறமையாக நினைக்கிறார்கள். கார் கியரில் கிடந்தால் உங்கள் மேலேயே ஏறும். செய்யாதீர்கள்.

7. வேறு காரின் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுத்தல்

முதலில் இரண்டு கார்களும் ஒரே பக்கம் எர்த் செய்யப்பட்டவையா என்று உறுதிசெய்யுங்கள். கீழேயுள்ள வரிசை எதிர்முனை பொடியோடு இணைக்கப்பட்ட கார்களுக்கானது. நேர்முனை எர்த் உள்ள மொரிஸுக்கு நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும் இணைப்பதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு கார்களின் பொடிகளும் ஒன்றையொன்று முட்டக் கூடாது. அனுபவமில்லாதவர் அந்தச் சேர்க்கையை விட்டுவிடுவதே நல்லது.

சிவப்பு வயர்: செத்த பற்றரியின் நேர்முனை, பிறகு நல்ல பற்றரியின் நேர்முனை. கறுப்பு வயர்: நல்ல பற்றரியின் எதிர்முனை, கடைசியாகச் செத்த காரின் எஞ்சின் இரும்பு. கடைசிக் கிளிப்பை வைக்கும்போது பொறி பறக்கும். அது பற்றரியின் பக்கத்தில் பறக்கக் கூடாது என்பதற்காகவே எஞ்சினில் வைக்கச் சொல்கிறோம். அத்தோடு எர்த் பட்டை பழுதாக இருந்தாலும் இந்த வழி அதைத் தாண்டிச் சென்றுவிடும். ஐந்து நிமிடம் நல்ல காரை ஓடவிட்டபின் ஸ்டார்ட் செய்து, தலைகீழ் வரிசையில் கழற்றுங்கள்.

8. ஸ்பார்க்: பெற்றோலுக்கு முன்பு இதைப் பார்க்கக் காரணம்

பெற்றோல் குழாயைத் திறந்துவிட்டால் பொனட்டுக்குள் ஆவி நிறையும். அதன் பிறகு பொறி பறக்கும் சோதனை செய்வது உயிருக்கு ஆபத்து. எனவே ஸ்பார்க் சோதனையை முடித்துவிட்டுத்தான் பெற்றோல் பக்கம் போக வேண்டும். இந்த இரண்டின் ஒழுங்கை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, உதிரிப் பிளக்கை அதில் செருகி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சின் இரும்போடு கிளிப் வயரால் இணையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். வெயில் படாமல் மறைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். நீலமும் வெள்ளையுமான கூர்மையான பொறி 'டிக் டிக்' என்று வந்தால் 9 ஆம் பகுதிக்குப் போகலாம். மஞ்சளாகவோ சோர்வாகவோ வந்தால், அல்லது வரவே இல்லையென்றால், தொடருங்கள்.

மாரிகாலக் காலைகளில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பாருங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இரவு முழுதும் மழையில் நின்ற காரில் மூடியின் உட்புறம் வியர்த்திருக்கும், ஈரத்தின் வழியாகப் பொறி தப்பியோடிவிடும். இரண்டு கிளிப்புகளை விலக்கி மூடியைத் தூக்கினால் போதும், பிளக் வயர்களை அதிலிருந்து பிடுங்காதீர்கள். உலர்ந்த துணியால் உள்ளே துடைத்து, டோர்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் பென்சிலால் கீறியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அது வெடிப்பு. பொறி எரித்த தடம். சுரண்டினால் ஒரு நாள் ஓடும், மாற்றினால்தான் தீரும். மூடியின் நடுவிலுள்ள சிறிய கார்பன் துண்டு வில்லோடு உள்ளே போய் வருகிறதா என்றும் விரலால் அழுத்திப் பாருங்கள்.

வயர்களைக் கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி இலக்கம் எழுதுங்கள். இந்தக் கார்களின் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் பற்றும் ஒழுங்கு 1-3-4-2. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு ஞாபகத்தில் பூட்டுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அதன்பின் ஸ்பார்க்கும் இருக்கும், பெற்றோலும் இருக்கும், கார் மட்டும் 'டமால்' என்று கார்புரேட்டர் வழியாகத் தும்மிக்கொண்டிருக்கும்.

மூடி சுத்தமாக இருந்தும் ஸ்பார்க் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிக் கொயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொயின்ட்டுக்கு வாருங்கள். எதிர்முனை எர்த் உள்ள காரானால் கொயிலின் எதிர்ப் பக்கத்திலும், மொரிஸ் போன்ற நேர்முனை எர்த் காரில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் பூட்டிய பக்கத்திலும் பல்பின் ஒரு முனையை வையுங்கள். மறுமுனை எஞ்சின் இரும்பில். திறப்பைப் போட்டு எஞ்சினைச் சுழற்றினால் பல்பு மினுக்மினுக்கென்று எரிந்து அணைய வேண்டும். விடாமல் எரிந்தால் பொயின்ட் மூடவில்லை: அழுக்கு, அல்லது இடைவெளி அதிகம். எரியவே இல்லையென்றால் மின்சாரம் கொயில்வரை வரவில்லை, அல்லது பொயின்ட் திறக்கவில்லை, அல்லது பொயின்ட்டோடு இணைந்த சிறு உருளையான கண்டென்சர் எர்த் ஆகிவிட்டது.

சில வாரம் ஓடாமல் நிற்கும் காரின் பொயின்ட்டில் உப்புக் காற்று கண்ணுக்குத் தெரியாத படலம் போட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களுக்காக நிறுத்திவைக்கப்படும் வீட்டுக் கார்களில் இது சாதாரணம். சாண்ட் பேப்பரை இரண்டாக மடித்து இடையே ஓட்டி, பிறகு சுத்தமான அட்டைத் துண்டை இழுத்துத் தூளை அகற்றுங்கள். அந்தத் தூளை விட்டுவிட்டால் தேய்த்ததே வீண். இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை. உங்கள் காரின் புத்தக அளவே முடிவானது. பொயின்ட்டில், டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேம் உருளையைத் தொடும் பகுதியில் கடுகளவு கிரீஸ் வையுங்கள். வைக்காவிட்டால் அந்தப் பகுதி தேய்ந்து இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

கண்டென்சர் கெட்டால் பொயின்ட் முனைகள் நீலமாகக் கருகும், ஸ்பார்க் மஞ்சளாகும். ஓடிக்கொண்டிருந்த நல்ல பழைய கண்டென்சர் ஒன்றை எப்போதும் காரில் வைத்திருங்கள். கடையில் இன்று கிடைக்கும் புதியவற்றை ஓட்டிப் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

9. பெற்றோல்

பெற்றோல் மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். பழைய கார்களின் டாங்கி மிதவை சிக்கிக்கொள்வது வழக்கம். டாங்கி மூடியைத் திறந்து காரை அசைத்துச் சத்தம் கேளுங்கள். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோல் வராமல் நின்றிருக்கும்.

அடுத்து, எயார் கிளீனரைக் கழற்றி, டோர்ச் வெளிச்சத்தில் கார்புரேட்டரின் வாயைப் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டர் நெம்புகோலைக் கையால் திருப்புங்கள். ஜப்பானிய கார்புரேட்டர்களில் மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீறிட வேண்டும். மொரிஸிலுள்ள எஸ்.யூ. கார்புரேட்டரில் அப்படிப் பீறிடும் அமைப்பு கிடையாது, அதைப் பழுதென்று எண்ண வேண்டாம். அந்தக் காரில் மின்சாரப் பம்பைக் கேளுங்கள். திறப்பைப் போட்டதும் சிலமுறை 'டிக் டிக்' அடித்து நின்றால் சரி. அடிக்கவே இல்லையென்றால் அதன் உடலை ஸ்பானர் பிடியால் தட்டுங்கள். நிற்காமல் அடித்தால் டாங்கி வற்றியிருக்கிறது அல்லது குழாயில் காற்று புகுகிறது.

பீறிடவில்லையென்றால் எஞ்சின் ஆறியபின், கொயிலின் சிறிய வயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைப் போத்தலுக்குள் விட்டுச் சில நொடி சுழற்றுங்கள். துடித்துத் துடித்துப் பெற்றோல் வர வேண்டும். வராவிட்டால் பில்டரை மாற்றுங்கள். பிறகும் வராவிட்டால் பம்ப். எஞ்சின் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணம் அடித்தால் பம்பின் உள்தோல் கிழிந்திருக்கிறது. அந்த எண்ணெயோடு எஞ்சினை ஓட்டக் கூடாது.

போத்தலை ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு அடியைப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமற்ற தனிப் படையாகப் பிரிந்து நிற்கும், அதற்குக் கீழே செம்பழுப்புத் துகள்கள் கிடந்தால் டாங்கி துருவேறியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் பாதி டாங்கியோடு மாதக்கணக்கில் நின்ற கார்களுக்கு இது நேர்ந்தது. அப்படி நின்ற காரில் பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. டாங்கியை இறக்கிக் கழுவ வேண்டும்.

இனிக் கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் காலத்துக்கே உரிய ஒன்று. வெயிலில் கந்தளாயிலிருந்து ஓட்டி வந்து, சந்தைக்குள் பத்து நிமிடம் போய்விட்டுத் திரும்பினால் கார் பற்றாது. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போயிருக்கும். பொனட்டைத் திறந்துவைத்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் ஈரத் துணி சுற்றி, இருபது நிமிடம் பொறுங்கள். சூடான புகைக்குழாய்ப் பக்கம் தண்ணீர் தெறிக்க விடாதீர்கள். சூட்டில் செயலிழக்கும் கொயிலும் இதே அறிகுறியைத்தான் காட்டும், அதுவும் ஆறினால் சரியாகும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, கார் சூடாக இருக்கும்போதே 8 ஆம் பகுதியின் ஸ்பார்க் சோதனையைச் செய்வது. ஆறவிட்டுச் சோதித்தால் எதுவும் தெரியாது.

பெற்றோல் மணம் தூக்கலாக அடித்தால் அளவுக்கு மீறிப் பாய்ந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதால் வருவது இது. சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். பம்ப் அடிக்காதீர்கள். சூடான எஞ்சினுக்குச் சோக் இழுப்பதும் இதே விளைவைத் தரும்.

10. ஸ்பார்க்கும் பெற்றோலும் இருந்தும் பற்றாவிட்டால்

சுழலும் சத்தத்தைக் கேளுங்கள். வழமையைவிட வேகமாக, தடையே இல்லாமல் 'விர்' என்று சுழன்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே நடுத்தண்டின் மேலுள்ள ரோட்டர் சுழலுகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சுழன்றும் ரோட்டர் அசையாவிட்டால் பெரும்பாலும் டைமிங் பெல்ட் அல்லது செயின் அறுந்திருக்கும். உடனே நிறுத்துங்கள். சில எஞ்சின்களில் தொடர்ந்து சுழற்றினால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும்.

எயார் கிளீனர் பெட்டியையும் புகைக்குழாயின் வாயையும் ஒருமுறை பாருங்கள். நின்ற காரில் எலி கூடு கட்டும். வயரையும் கடிக்கும்.

11. டீசல் வான்களுக்கு

ஸ்பார்க் பகுதியை விட்டுவிடுங்கள். திறப்பைப் போட்டு ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யுங்கள். பம்பின் மேலுள்ள எரிபொருள் சுவிட்சில் திறப்பைப் போடும்போது 'டிக்' கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு வரும் வயரைப் பாருங்கள். டீசல் தீர்ந்து நின்ற வானில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும்; பில்டர் மேலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எஞ்சினின் காற்று வாயில் ஈதர் தெளித்து ஸ்டார்ட் செய்வது ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினைச் சிதைக்கும்.

12. தள்ளி ஸ்டார்ட் செய்வது எப்போது

பற்றரி தளர்ந்தோ ஸ்டார்ட்டர் கெட்டோ இருந்தால் மட்டும். ஸ்பார்க், பெற்றோல் பழுதைத் தள்ளித் தீர்க்க முடியாது. கிராமமே சேர்ந்து தள்ளினாலும் பலனில்லை. ஓட்டோமெற்றிக் கார் தள்ளி ஸ்டார்ட் ஆகாது. பற்றரி முற்றாகச் செத்திருந்தால் கொயிலுக்கே மின்சாரம் இராது, அப்போதும் வீண் உழைப்புத்தான்.

திறப்பைப் போட்டு, கிளச்சை மிதித்து, இரண்டாம் கியரில் வையுங்கள். முதல் கியரில் சக்கரம் பூட்டிக்கொண்டு தள்ளுபவர்கள் காரில் மோதுவார்கள். வேகம் எடுத்ததும் கிளச்சை விட்டு, பற்றியவுடன் மறுபடி மிதியுங்கள். தள்ளுபவர்கள் பின்பக்கம் மட்டும் நிற்கட்டும். மொரிஸ் மைனருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றுபவர்கள் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

13. ஸ்டார்ட் ஆன பிறகு

எஞ்சினை நிறுத்துமுன் பற்றரித் தண்டுகளில் மீட்டரை வையுங்கள். ஓல்ட்டர்னேட்டர் உள்ள காரில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5 இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. பெல்ட்டின் இறுக்கத்தையும் ஓல்ட்டர்னேட்டரின் பின்பக்க வயர் முனையையும் பாருங்கள். 15 ஐத் தாண்டினால் பற்றரி கொதித்து நீர் வற்றும். சார்ஜ் சரியாக இருந்தும் ஒவ்வொரு காலையும் பற்றரி வெறுமையாக இருந்தால், இரவில் எர்த் கிளிப்பைக் கழற்றி வைத்துப் பாருங்கள். காலையில் பற்றரி நிறைந்திருந்தால் ஏதோவொன்று இரவெல்லாம் மின்சாரம் குடிக்கிறது. பெரும்பாலும் டிக்கி விளக்கு, அல்லது பிறகு பூட்டிய ரேடியோ.

கராஜுக்குப் போக வேண்டி வந்தால் "ஸ்டார்ட் ஆகவில்லை பாஸ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சுழலும் வேகம், சுழலும்போது பற்றரி வோல்ட், எர்த் வழியில் அளந்த வோல்ட், ஸ்பார்க்கின் நிறம், போத்தலில் வந்த பெற்றோல், பழுது வந்தது சூட்டிலா குளிரிலா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் எந்த ஸ்பானரை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். அதைப் பார்க்காமலே பற்றரி மாற்றச் சொல்பவரிடம் காரை விடாதீர்கள்.